குளியலறைச் சுவருக்கு வெள்ளையா, நீலமா

பழமலைநாதர் துணை

விருத்தாசலம்,
தை மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பூர்ணிமாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் எட்மண்டன் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். நலம் என்று எழுதிவிட்டு, அது சரியான சொல்தானா என்று சற்று யோசித்தேன், பெரும்பாலும் சரி என்பதால் அடிக்காமல் விட்டுவிட்டேன். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன் வந்ததும் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளைப் பற்றி என்ன பேசுவது. நீயும் வேகமாகப் பேசுகிறாய், நான் சொல்ல வந்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே எழுதி, படமெடுத்து அனுப்புகிறேன். எதுவும் விட்டுப்போகாமல் இருக்க முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. அம்மாவின் கை.
2. குளியலறைச் சுவர் நீலமாகிப்போனது எப்படி.
3. வெள்ளைதான் சரி, அம்மா செய்வது வெறும் பிடிவாதம்.
4. நீ அம்மாவிடம் சொல்ல வேண்டியது.

ஐப்பசி மழையின்போது குளியலறையில் விழுந்து பிசகிய மணிக்கட்டில் வீக்கம் முழுக்க வடிந்துவிட்டது. தோசை திருப்புகிறாள், மாவுப் பாத்திரத்தைத் தூக்க மட்டும் என்னைக் கூப்பிடுகிறாள். கையை அவள் மறந்துவிட்டாள், நீ சொன்னதை மறக்கவில்லை. இன்னொரு முறை விழுந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு இருவரையும் அங்கே கூட்டிப் போய்விடுவேன் என்றாயே, அன்றிலிருந்து அவளுக்கு அதே நினைப்புதான். "அந்த ஐஸுல போயி நான் யாருகிட்ட வாயத் தொறப்பேன், சன்னலயே பாத்துக்கிட்டு சாவறதா" என்று காய்கறிக்காரியிடம்கூடக் கேட்கிறாள். எனக்கும் இந்த வயதில் ஊர் மாற அச்சமாக இருக்கிறது, அதை உன்னிடம் சொல்லத் துணிவில்லாமல் அவள் பேரில் சொல்கிறேன் என்று நீ நினைத்தால் அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆக அவள் மறுபடி விழாதபடி அந்தக் குளியலறையைச் சீர்செய்தாக வேண்டும். வழுக்காத விரிப்பு வாங்கிப் போட்டேன். நீ ஆன்லைனில் வரவழைத்த வெள்ளைக் கைப்பிடியையும் சுவரில் மாட்டியாயிற்று. ஆனால் அவள் அதைப் பிடிக்க வேண்டுமே. சுவரை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே போகிறாள். கைப்பிடியைப் பிடி, பிடி என்று தினமும் சொல்கிறேன், "ஆவட்டும் ஆவட்டும்" என்பதோடு சரி.

இனி சுவர். பழைய சுண்ணாம்பு பெயர்ந்துவிட்டது, எப்படியும் அடிக்க வேண்டும். நீ வெள்ளை என்றாய், படமும் அனுப்பினாய். அம்மா நீலம் என்றாள், அதுவும் நல்ல அழுத்தமான நீலம். காரணம் கேட்டால், "எனக்குப் புடிக்குது, அதுக்கு என்னா ரிப்போர்ட்டா எழுதித் தரணும்" என்கிறாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து உன் அர்ச்சுனன் மாமா வந்தவர், மேசைமேல் நான் பரப்பி வைத்திருந்த நிற அட்டைகளைப் பார்த்துவிட்டு, "என்னா மாமா, எங்க அக்காவப் பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இத்தினி நேரம் பாக்கலியே, கக்கூஸுக்கு இம்மாம் பார்வையா" என்று சிரித்தார். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். சிரிப்பவர்களுக்கு என்ன. இருவருக்கும் மனம் நோகாமல், வெள்ளைபோலவே தெரிகிற மிக வெளிறிய நீலம் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கலாம் என்று நான் நினைத்தேன். அச்சடித்த அட்டையை நான் நம்புவதில்லை என்பது உனக்குத் தெரியும். செராமிக் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவனுக்கு, பூசும்போது ஒரு நிறம், சூளையில் வெந்து வரும்போது வேறு நிறம் என்பது இரத்தத்தில் ஊறியது. எதையும் ஓட்டில் பூசிப் பார்த்துத்தான் பழக்கம். எனவே பரணில் கிடந்த பிஸ்கட் துண்டுகளை, அதாவது மெருகு பூசாமல் ஒருமுறை மட்டும் சுட்ட ஓடுகளை, எடுத்துத் துடைத்து, கடையில் வாங்கிய மாதிரி டப்பாக்களிலிருந்து ஒவ்வொன்றிலும் ஒரு நீலம் பூசி, மொட்டைமாடியில் காயவைத்தேன். அதில் ஒன்று பால் கலந்ததுபோல் அழகாக வெளுத்துக் காய்ந்தது. அந்த நம்பரைத்தான் பெயிண்டர் விருத்தகிரியிடம் கொடுத்தேன். அவன் கம்மாபுரத்து வேலையை விட்டுவிட்டு வந்த அவசரத்தில் எதுவும் கேட்கவில்லை. நேற்று மாலை போய்ப் பார்க்கிறேன், கைப்பிடி இருக்கும் சுவர் மயில் கழுத்துபோல் நிற்கிறது. விருத்தகிரியோ, "நீங்க குடுத்த நம்பருதான் சார், டப்பாவ நீங்களே பாருங்க" என்று டப்பாவைத் தூக்கிக் காட்டினான். அவன்மேல் பிழை இல்லை. பிஸ்கட் ஓடு எதை ஊற்றினாலும் உறிஞ்சும், பெயிண்டையும் உறிஞ்சிக்கொண்டு மேலே வெறும் மங்கலை மட்டும் எனக்குக் காட்டியிருக்கிறது. ஓடு குடிக்கும் என்பதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். இரவு முழுக்க இதை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டேன். உன் அம்மாவுக்கோ ஒரே மகிழ்ச்சி, "இதாங்க நான் கேட்டது, இப்டியே இருக்கட்டும்" என்கிறாள். என்னைக் கேலி செய்கிறாளோ என்றுகூடத் தோன்றுகிறது.

ஆனால் இதை இப்படியே விட முடியாது. நீ சொன்ன வெள்ளைதான் சரி, அதற்குக் காரணமும் உண்டு. அந்த அறைக்கு ஒரே ஒரு சிறிய சன்னல். வெள்ளை, விழுந்த வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும், அடர்ந்த நீலம் விழுங்கிவிடும். வயதான கண்ணுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். அம்மாவுக்கு ஒரு கண்ணில்தான் புரை எடுத்திருக்கிறது, மற்றதைக் காட்ட வா என்றால் "நல்லாத்தான் தெரியுது" என்று நழுவுகிறாள். இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "வெள்ளத் தரை, வெள்ளக் கோப்பை, வெள்ள பக்கெட்டு, செவுரும் வெள்ளையா, என்னயும் வெள்ளத் துணியால மூடிடுங்க" என்றாள். இப்படிப் பேசுகிறவளிடம் என்ன விளக்குவது. வெள்ளிக்கிழமை விருத்தகிரி மறுபடி வருகிறான், நீலத்தின்மேல் வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் நீ அம்மாவைக் கூப்பிட்டு, வெள்ளைதான் வேண்டும் என்று உன் வாயால் ஒரு வார்த்தை

மேலே உள்ள வாக்கியத்தை முடிக்கவில்லை, மன்னித்துக்கொள். எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா கால் கழுவக் குளியலறைக்குப் போனாள். வழக்கம்போல் பிடி, பிடி என்று சொல்ல எழுந்து போனேன். அவள் சுவரைத் தடவவில்லை. வாசற்படியில் நின்றவள் கையை நேராக நீட்டிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உள்ளே போனாள், ஒரு தடுமாற்றமும் இல்லை. இன்றைக்கு மட்டும் எப்படிப் பிடித்தாய் என்று கேட்டேன். "இன்னிக்குத்தான கண்ணுக்குத் தெரியுது. வெள்ளச் செவுத்துல வெள்ளக் கம்பிய மாட்டி வெச்சிட்டுப் புடி புடின்னா எதங்க புடிக்கிறது" என்றாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கண்ணு தெரியலன்னு சொன்னா உங்க பொண்ணு அடுத்த பிளேன்ல வந்து நிப்பா, அதான்" என்றாள்.

அவள் விழுந்தது மழை ஈரத்தால் மட்டும் அல்ல என்று இப்போது படுகிறது. மற்றக் கண்ணைக் காட்ட ஒப்புக்கொண்டுவிட்டாள். ஊரைவிட்டுக் கூட்டிப் போகும் பேச்சை நீ எடுக்கக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. தயவுசெய்து அதை ஏற்றுக்கொள், மகளே. பயமுறுத்தினால் அவள் மறைப்பாள், மறைத்தால் விழுவாள். வரிசையில் நான்காவதாக எழுதியதற்குப் பதில் நீ அவளிடம் சொல்ல வேண்டியது இதுதான். விருத்தகிரிக்கும் போன் செய்துவிட்டேன், மற்ற மூன்று சுவருக்கும் அதே நீலம்.

நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ வேண்டும். பனி தள்ளும்போது கையுறையைக் கழற்றாதே. உனக்கும் கண் பரிசோதித்து வெகுநாள் ஆகிறது என்று நினைக்கிறேன், ஒருமுறை காட்டிவிடு. இந்தக் கடிதத்தைத் திருத்தி எழுதலாமா என்று பார்த்தேன், வேண்டாம், நான் எப்படி நினைத்தேன் என்பதும் உனக்குத் தெரியட்டும். மூன்றாவதாக எழுதியது தவறு. வெள்ளையைப் பற்றிச் சொன்னதும் தவறு, அம்மாவைப் பற்றிச் சொன்னது அதைவிடத் தவறு.

உன் அப்பா,
சுப்புராயன்