நீ நிறுத்தாத வண்டி

மச்சாள்,

அன்றைக்கு உன் பின்னால் இருந்துகொண்டு "நிற்பாட்டு" என்று நான் சொல்லவில்லை. "நிற்பாட்டாதை" என்றும் சொல்லவில்லை. முன்னமே பேசி வைத்தபடி உன் முதுகில் இரண்டு தரம் தட்டினேன்.

இன்று மத்தியானம் எங்கள் வோபர்ன் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலக்கீழ் கார் தரிப்பிடத்தில் யாரோ ஒருவருடைய பழைய கார் கீச்சிட்டுக்கொண்டு வெளிக்கிட்டது. பின்னால் கருகிய பெல்ற்றின் மணம். கையில் மரக்கறிப் பைகளோடு அப்படியே நின்றுவிட்டேன். பையொன்றைக் கீழே வைத்துவிட்டு என் கை தானாகக் கோட்டின் உட்பையைத் தொட்டுப் பார்த்தது. அங்கே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

சண்டையின் கடைசி வருடத்து அந்த மாசி, பங்குனி மாதங்களை யாருக்கும் விளக்கிச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. வன்னியில் சண்டை ஒரு சின்னக் கரைத்துண்டுக்குள் ஒடுங்கிக்கொண்டிருந்தது. உன் அம்மா, அதாவது அப்பாவின் தங்கச்சி, என் மாமி, அந்தத் துண்டுக்குள் எங்கேயோ இருந்தா. எங்கள் வரவேற்பறையில் டிவி நிற்பதே இல்லை. அப்பா அதன் முன்னால் சாரத்தோடு இருந்து, காட்டப்படும் முகங்களுக்குள் தங்கச்சியின் முகத்தைத் தேடுவார். டவுன்ரவுனில் சனம் சண்டையை நிறுத்தச் சொல்லிப் பதாகைகளோடு குளிரில் நின்றது. நானும் இரண்டு தரம் போய் நின்றேன். நீ வரவில்லை. "நான் வேலைக்குப் போறன்," என்றாய்.

மாமி அழைப்பு எடுப்பதென்றால் யாரோ ஒருவரின் சற்றலைற் போனில், வரிசையில் நின்று, ஒரு நிமிடம் பேசத்தான் முடியும். உன் நம்பர் மட்டும்தான் அவவுக்கு மனப்பாடம். அதனால் அந்த நம்பருக்கு வேறு ஒருவரும் எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். உன்னோடு பேச வேண்டுமென்றால் நீ வேலை செய்யும் கடைக்கு எடுப்போம். பிறம்ரனிலிருந்து உன் சித்தப்பா ஒருநாள் மறந்துபோய் உன் கைத்தொலைபேசிக்கு எடுத்துவிட்டார். நீ பாய்ந்து அதைக் காதில் வைத்ததைப் பார்த்தேன், பிறகு "ஓம் சித்தப்பா, சுகமா இருக்கிறம்" என்று சொன்ன குரலையும் கேட்டேன். அந்தப் போன் அடிக்க வேண்டுமென்று ஏங்கினோம். அடித்தால் என்ன செய்தி வருமோ என்று பயந்தோம்.

உனக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே வீடு. நான் பல்கலைக்கழகத்தில் புத்தகங்களோடு இருந்தேன். நீ நகரத்துக்கு வடக்கே, ஏரிக்கரையில், கோடையில் படகு எஞ்சினும் மாரியில் பனிமேல் ஓடும் ஸ்னோமொபில் வண்டியும் திருத்தும் கடையில் வேலை செய்தாய். எங்கள் பெண்டுகள் உன்னைப் பற்றிக் கதைத்ததெல்லாம் உனக்குத் தெரியும். "உவவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறதெண்டால் கராஜ் உள்ளவனாப் பார்க்கோணும்," என்று ஒரு அன்ரி சொன்னதற்கு, "இரண்டு கராஜ் உள்ளவனாப் பாருங்கோ அன்ரி, ஒண்டில அவர் இருக்கட்டும்," என்றாய்.

அந்தச் சனிக்கிழமை, திருத்திய வண்டியொன்றை உறைந்த ஏரியில் ஓட்டிப் பார்க்க நீ என்னையும் கூட்டிக்கொண்டு போனதற்குக் காரணம் போன்தான். தலைக்கவசத்துக்குள் உனக்குக் கேட்காது. குளிரில் வெளியே வைத்தால் பற்றறி செத்துவிடும். யாராவது ஒருவர் அதை உடம்புச் சூட்டோடு வைத்திருக்க வேண்டும்.

"எடி பேராசிரியை, நெஞ்சோட வைச்சிரு. அடிச்சால் முதுகில ரெண்டு தட்டு. நான் நிற்பாட்டி எடுப்பன்."

கடையில் அந்த வண்டியைத் தூக்கி வைத்திருந்தாய். அடியில் சுற்றுகிற அகலமான றப்பர் பட்டிக்கு ட்ராக் என்று பெயர் என்றும், அதில் குறுக்கே நிற்கும் வரிகளே துடுப்புப்போலப் பனியைப் பின்னுக்குத் தள்ளி வண்டியை முன்னுக்கு அனுப்புகின்றன என்றும் சொன்னாய். ஏரிக்கு வாங்கிய வண்டிக்கு அதன் சொந்தக்காரர், மலைப்பக்கம் ஆழப்பனியில் ஓடுகிறவர்கள் பூட்டும் ட்ராக்கைத் தானே பூட்டியிருந்தார். அதன் துடுப்புகள் என் விரல் நீளம்.

"மலை ஏறுற சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓட்டப்பந்தயத்துக்கு வந்திருக்கிறார் உவர்," என்றாய். "துடுப்பு உயரமெண்டால் ஒவ்வொரு சுற்றிலயும் கனக்கப் பனியை அள்ளோணும். எஞ்சினுக்கு அது பாரம். கியர் பழைய கியர். பிறகு எஞ்சினையும் கியரையும் இணைக்கிற பெல்ற் வழுக்காமல், கருகாமல் என்ன செய்யும்?"

கருகிய பெல்ற்றை என் மூக்கருகே பிடித்தாய். நான் முகத்தைத் திருப்பச் சிரித்தாய். சங்கிலிப் பெட்டியைத் திறந்து, மேலே இருந்த பல்சக்கரத்தைக் கழற்றி, பற்கள் குறைந்த ஒன்றை மாட்டியிருந்தாய். இனி வண்டி முந்திய வேகத்துக்குப் போகாது, ஆனால் இழுக்கும். "வேகத்தைக் குடுத்துத்தான் இழுவையை வாங்கலாம்," என்றாய். அந்தக் கிழமை முழுவதிலும் உன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சத்தை நான் கண்டது அப்போதுதான்.

போகும்போது நல்லாகத்தான் இருந்தது. ஏரிக் குடாவின் அந்தக் கரை வரை போய்த் திரும்பினோம். வெயில் இல்லாத வெள்ளைப் பகல். திரும்பும்போது காற்று முகத்துக்கு நேரே வந்ததால் வேறு பாதை பிடித்தாய். நடு ஏரியில் வண்டியின் சத்தம் மாறியது. எஞ்சின் உறுமியது, ஆனால் நாங்கள் மெல்லப் போனோம். பிறகு அந்தக் கருகல் மணம், இலேசாக. திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டிய தடம் சாம்பல் நிறமாகி, நான் பார்க்கப் பார்க்கத் தண்ணீரால் நிரம்பிக்கொண்டிருந்தது.

ஐஸ் உடைந்து ஏரி திறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். உன் கோட்டை இரண்டு கையாலும் பிடித்தேன். பயத்தைப் பற்றி நான் வாசித்தவை எத்தனையோ. அந்த இடத்தில் ஒரு வரிகூட நினைவில் வரவில்லை. என் பற்கள் அடித்துக்கொண்டது குளிரால் அல்ல.

அப்போது என் நெஞ்சில் போன் அதிர்ந்தது.

முதலில் அது என் இதயம் என்று நினைத்தேன். பிறகு விளங்கியது. தட்டினால் நீ நிறுத்துவாய். நிறுத்தினால் என்ன நடக்கும் என்று பின்னால் நிரம்பும் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தது. தட்டாவிட்டால் மாமி ஏதோ ஒரு பதுங்குகுழிக்குப் பக்கத்தில், வேறொருவருடைய போனைக் காதில் வைத்துக்கொண்டு, மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டே நிற்பா. நான் தட்டினேன். இரண்டு தரம்.

உன் முதுகு விறைத்தது. கையுறைக்குள் உன் பெருவிரல் இருந்த இடத்தை என் கண் பார்த்துக்கொண்டிருந்தது. அது அக்ஸிலேற்றரை விடவில்லை. இன்னும் உள்ளே அழுத்தியது. வண்டி முக்கி முக்கி, துடுப்புகள் தண்ணீரையும் பனியையும் கூழாக எங்கள் பின்னால் வாரி எறிய, ஒரே சீரில் போய்க்கொண்டிருந்தது. போன் அதிர்ந்துகொண்டிருந்தது. பிறகு நின்றது.

கரை ஐஸில் ஏறியதும் எஞ்சினை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றாமலே கையை நீட்டினாய். போனைத் தந்தேன். திரையில் நம்பர் இல்லை. திருப்பி எடுக்க வழியும் இல்லை.

"தட்டினது தெரிஞ்சது," என்றாய்.

நான் திரும்பி, நாங்கள் வந்த தடத்தைப் பார்த்தேன்.

"பனிப் பாரத்தில ஐஸ் கீழ அமுங்கி, தண்ணி மேல வந்து பனிக்குள்ள ஒளிச்சு நிக்குது. கீழ கட்டி ஐஸ் இருக்கு, மூழ்கியிருக்கமாட்டம். ஆனா ஓடிக்கொண்டிருக்கிற மட்டும்தான் உந்தத் துடுப்பு தள்ளும். நிண்டுட்டால் இருந்த இடத்தில கிடங்கு தோண்டும். பிறகு எந்தக் கியரும் இழுக்காது. முழங்கால் ஈரத்தோட, உந்தக் காத்துக்குள்ள நீ கரைக்கு வந்து சேர்ந்திருக்கமாட்டாய்."

போனைப் பார்த்தபடியே சொன்னாய்:

"நான் தனிய எண்டால் நிண்டிருப்பன்."

 

கடை முதலாளி கோப்பியோடு வெளியே வந்து வண்டி எப்படி என்று கேட்டார். நீ வேலைநேரக் குரலில், ஆங்கிலத்தில், நல்லாக இழுக்கிறது என்றாய். அவர் போனதும் "அம்மா திருப்பி எடுப்பா" என்றாய், எனக்குச் சொல்வதுபோல. கடையைப் பூட்டும் வரை அந்தக் கரையிலேயே நின்றோம். ஈரமான ட்ராக் காற்றில் உறைந்து, துடுப்புகள் வண்டியின் அடியோடு ஒட்டிப்போயிருந்தன. வீட்டுக்குப் போகும் வழியில் நீ காரை மிகவும் மெதுவாக ஓட்டினாய். போன் உன் மடியில் இருந்தது.

அப்பாவுக்கு நாங்கள் இருவரும் இதைச் சொல்லவில்லை. வேறு யாராவது தவறுதலாக எடுத்திருக்கலாம், விளம்பரக்காரராகவும் இருக்கலாம் என்று நான் எனக்குச் சொல்லிப் பார்த்ததுண்டு. நீ ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை.

வருடங்கள் கழிந்து, வைத்தியசாலையில் உன் கடைசி மாதங்களிலும் போன் உன் தலையணை உறைக்குள் இருந்தது. நல்ல சலுகை தருகிறோம், நம்பரை மாற்றுங்கள் என்று சொன்ன போன் கொம்பனிக்காரர் எல்லோரையும் திருப்பி அனுப்பியவள் நீ. அதை என்னிடம் தந்த அன்று உன் விரல்கள் மெலிந்து, நகங்களின் ஓரத்தில் கிறீஸின் கறுப்பு ஒரு பொட்டும் இல்லாமல் வெளுத்திருந்தன.

"நெஞ்சோட வைச்சிரு," என்றாய். "இப்ப யாருக்கும் தட்டத் தேவையில்லை. நீயே எடு."

வைத்திருக்கிறேன். வகுப்பில், பஸ்ஸில், மாரியில் கோட்டின் உட்பையில். அது அடித்தால் இன்றைக்கும் என் பற்கள் அடித்துக்கொள்ளும்.

அந்த வருடமே வைகாசியில் சண்டை முடிந்தது. முகாம்களில் இருந்தவர்களின் பெயர்கள் வந்தன. அவற்றில் மாமியின் பெயர் இல்லை. கண்டதாகச் சொன்னவரும் இல்லை. நம்பர் காட்டாத அந்த அழைப்பு பிறகு வரவில்லை.