வெள்ளை தெரியாத களிம்பு

அக்கா,

இன்று காலை இயற்பியல் புத்தகத்தைத் தேடினேன், உன் களிம்புச் சீசா கிடைத்தது. மாத்திரை சீசா அளவுதான். மூடியில் உன் கையெழுத்தில் ‘4, சட்டை போட்டது’ என்று இருந்தது. திறந்ததும் தேங்காயெண்ணெயும் மெழுகும் கலந்த அந்த வாசனை. வாசலில் மீன்கூடையைத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. சட்டென்று மூடிவிட்டேன்.

நீ தோலில் நிறமே இல்லாமல் பிறந்தவள். அப்படி ஒரு குழந்தையைக் காசிமேட்டில் யாரும் பார்த்ததில்லையாம். வெயிலில் நிற்கிறவர்கள் எல்லாரும் கறுக்கிறார்கள், எம்பொண்ணு மட்டும் கறுக்கமாட்டாளா என்று அம்மா நினைத்தாள். மீன் விற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பழைய வலையை விரித்து, வெயிலில் உன்னை உட்கார வைத்தாள். நீ பள்ளிக்கூடம் சேரும்வரை தினமும் அப்படித்தான். நீ கறுக்கவில்லை. சிவந்தாய், கொப்பளித்தாய், தோல் உரிந்தாய். “கொஞ்ச நாள்ல நெறம் புடிச்சிக்கும்” என்று எண்ணெய் தடவினாளாம்.

எனக்கு விவரம் தெரிந்தபோது நீ கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாய். தோல் டாக்டர் கொடுத்த துத்தநாகக் களிம்பைப் பூசினால் உன் முகம் சுவர் மாதிரி ஆகிவிடும். நான் விடுவேனா?

“இன்னாக்கா, சுண்ணாம்பு அடிச்சிகினு கெளம்பிட்ட? பொங்கலுக்கு இன்னும் மூணு மாசம் கீது.”

தெருவே சிரித்தது. நீயும் சிரித்தாய். ஒருநாள் கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் நீ துப்பட்டா நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வெள்ளை மொத்தமும் போகும்வரை துடைத்தாய். பிறகு வெயிலில் நின்றாய். அதைப் பார்த்த பிறகும் என் வாய் மூடவில்லை, அக்கா. கேட்டுச் சிரிக்க ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

எம்.எஸ்ஸி.யில் நீ எடுத்துக்கொண்ட வேலையே அந்த வெள்ளையைப் போக்குவதுதான். அதே துத்தநாகத்தைக் கண்ணுக்கே தெரியாத பொடியாக்கினால் பூசியது வெளியே தெரியாது, வெயிலை மட்டும் தடுக்கும் என்றாய். அதற்குப் பெயர் நானோ என்றாய்.

“நானோ நீயோ, யாராவது ஒருத்தர் போய் தண்ணி புடிக்கணும். லாரி வந்துடுச்சி.”

குடத்தால் அடிக்க வந்தாய். ஆனாலும் திரும்பி வந்து சொல்லிக்கொடுத்தாய். பொடி அவ்வளவு சின்னதானால் வெயில் பட்டதும் அதுவே தோலில் வேறு வம்பு பண்ணுமாம். அதனால் ஒவ்வொரு துகளுக்கும் மேலே சிலிக்கா என்ற மணல்சத்தில் மெல்லிய உறை போட வேண்டுமாம்.

“உன்ன மாதிரிதான்டா. பொடிசா கீது, சும்மா கெடக்காது. மேல ஒரு சட்டைய மாட்டி வுட்டாத்தான் அடங்கும்.”

மொட்டைமாடியில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் கண்ணாடித் துண்டை வைத்தாய். கண்ணாடியின் நடுவில் உன் களிம்பை ஒரு சதுரமாகப் பூசினாய். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் தாள் முழுக்கப் பழுத்திருந்தது, அந்தச் சதுரத்துக்கு அடியில் மட்டும் ஒரு செல்போன் விளம்பரம் புதுசாக இருந்தது. அந்த வாரம் நீ நாலாம் சீசாவைப் பூசிக்கொண்டு தெருவில் நடந்தாய். கிண்டல் பண்ண எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அதைச் சொன்னேன். இவ்வளவு பெரிய பட்டம் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை என்றாய்.

ஆனால் உன் காதுக்குப் பின்னால் ஒரு புண் அப்போதே இருந்தது. ஆறவில்லை. தோலில் புற்றுநோய் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார்: “சின்ன வயசுல வெயில்ல ரொம்ப இருந்தாங்களா?”

அம்மா வாய் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். “இல்ல டாக்டர். வூட்லயேதான் வளந்தேன்.”

அம்மா உன்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவள் மருந்துச் சீட்டோடு போனதும் என் காதைத் திருகினாய்.

“வெயிலாலதான்டா வந்துகீது. அம்மாவுக்குத் தெரிஞ்சா அதுக்கப்புறம் அது சோறு துன்னாது. நீ ஓட்ட வாயி. இது ஒண்ணயாவது அடக்கு, நைனா.”

அம்மாவைக் காப்பாற்ற ஒரு பொய்யை விட்டுப் போனாய். என்னைக் காப்பாற்ற ஒன்றும் விடவில்லை. பஸ் ஸ்டாப்பில் நான் பார்த்தது உனக்குத் தெரியுமோ தெரியாதோ.

சீசாவை மூடினேன் என்றேனே, அம்மா ஈரக்கையோடு உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். நீ போய் எட்டு மாதத்தில் இன்றுதான் கேட்டாள்.

“நா வெயில்ல வெச்சதாலயா நைனா?”

கிண்டலுக்குப் பழகிய வாய் ஆயிற்றே.

“அட இன்னாம்மா நீ. வெயிலால வர்ற நோவுன்னா இந்நேரம் மொத்த காசிமேடும் ஆஸ்பத்திரிலதான் கெடக்கும். மீன யார் விக்கறது?”

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு லேசாகச் சிரித்தாள். எழுந்து போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டாள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் மாடிக்கு வந்தேன். உன் களிம்பில் ஒரு துளி எடுத்துப் புறங்கையில் தேய்த்து வெயிலில் நீட்டினேன். என் கை எப்போதும்போலத்தான் இருந்தது, பூசியது தெரியவே இல்லை. விரலால் தடவிப் பார்த்தேன். இருந்தது, அக்கா.