தலை கழுவிய தண்ணீர்

சிரனே கோட்டை
நான்காம் மாதம், ஐந்தாம் நாள்

அன்புத் தங்கை கயோவுக்கு,

மருந்து விற்கிற துறவி வந்து உன் நலம் சொன்னார். குழந்தை நடக்கிறானாமே. நீ கொடுத்தனுப்பிய முள்ளங்கி ஊறுகாயைப் பாதி தின்ற பிறகுதான் அது எந்த வீட்டுப் பண்டம் என்பது நினைவுக்கு வந்தது. மீதியை நாய்க்குப் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

சமாதானம் என்ற பேரில் உன்னை அங்கே எதற்குக் கட்டிக்கொடுத்தேன் என்பதை மறந்திருக்க மாட்டாய். உன் மாமனார் அப்பாவை ஆற்றுத்துறையில் மடக்கிக் கொன்று ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அப்பா முதலில் கடந்து துறையைப் பிடிப்பது, நான் பெரும்படையோடு பின்னால் போய்ச் சேருவது என்றுதான் ஏற்பாடு. அவர் அக்கரை போனதும் தமாகி ஆற்றில் வெள்ளம் கரைபுரண்டது. இக்கரையில் நின்று கதறினேன். கொன்ற பாவி படுக்கையில் செத்துத் தப்பித்துக்கொண்டான். அவன் மகன், உன் கணவன், இருக்கிறான் அல்லவா?

அறுவடைக்கு முன் வருவேன். அந்த மலைக்கோட்டைக்குத் தண்ணீர் எப்படி வருகிறது, கோடையில் வற்றுமா, எந்தக் கதவில் காவல் குறைவு? மாமியாரிடம் பேச்சுவாக்கில் கேட்டு எழுது.

உன் அண்ணன்
நாகயோரி

தொகிசாவா மலைக்கோட்டை
நான்காம் மாதம், இருபதாம் நாள்

அண்ணாவுக்குக் கயோ வணங்கி எழுதுவது.

நான் என் கையால் போட்ட ஊறுகாய் அது. நாயாவது நன்றாக இருக்கிறது என்று சொன்னதா?

எதையும் மறக்கவில்லை, அண்ணா. செத்துப்போன மாமனாருக்குக் காலையில் சோறு படைப்பது நான்தான். இந்த வம்சம் கருகிப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் தினமும் படைக்கிறேன். கணவர் மொரிசுமி நல்லவராக இருப்பதுதான் பெரிய தொல்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது.

மேற்கே, பெண்கள் துவைக்க இறங்கும் சின்னக் கதவு ஒன்று இருக்கிறது. அங்கே ஒரே காவல்காரன், அவனும் தூங்குமூஞ்சி. தண்ணீர் மேலே சுனையிலிருந்து மூங்கில் குழாயில் வருகிறது. வற்றுமா என்று மாமியாரைக் கேட்டு எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். என் மகன் இச்சிமாருவை என்ன செய்வீர்கள்?

தங்கை
கயோ

சிரனே கோட்டை
ஐந்தாம் மாதம், மூன்றாம் நாள்

அன்புத் தங்கைக்கு,

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அவன் ஆண்பிள்ளை. இன்று நாம் செய்வதை நாளை அவன் நமக்குச் செய்வான். அன்று நீ அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்துவிடு. உனக்கு வயதா ஆகிவிட்டது? வேறு நல்ல இடம் பார்த்து வைத்திருக்கிறேன். மனம் தளரும்போதெல்லாம், தலை இல்லாமல் மணலில் கிடந்த அப்பாவை நினைத்துக்கொள்.

தண்ணீர் பற்றி நீ இன்னும் எழுதவில்லை.

நாகயோரி

தொகிசாவா மலைக்கோட்டை
ஐந்தாம் மாதம், பதினெட்டாம் நாள்

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. இருந்தாலும் நீங்கள் கேட்டதைக் கேட்டேன். மாமியார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சுனையா? சில வருசம் வத்தும்டி. உங்கப்பா செத்த வருசம் சொட்டுத் தண்ணி இல்ல. மாசக்கணக்கா வானத்தப் பாத்துக் கெடந்தோம். ஆத்துல புள்ளைங்க மண்ண அள்ளி வெளையாடுச்சுங்க. உங்கப்பா தலைய என் கையிலதான் குடுத்தாங்க. பெரிய மனுசன் தலையாச்சே, கழுவி, சீவி, பல்லுக்கு மை பூசிச் சபையில காட்டணும்ல? தண்ணிக்கு எங்க போவேன்? அரிசி களஞ்ச தண்ணியிலதான் கழுவுனேன். காதுக்குள்ளகூட புழுதி. முடியில தூப வாசனையே இல்ல. சாகத் துணிஞ்சவன் தலைக்கவசத்துக்குத் தூபம் காட்டிட்டுல்ல கெளம்புவான்? யாரோ வருவாங்கன்னு நம்பித்தான் அந்த மனுசன் நின்னிருக்காரு."

அந்தக் கோடையில் நான் கடலோரத்தில் மாமா வீட்டில் இருந்தேன். வெள்ளம் வந்தது என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாமியார் பொய் சொல்கிறாரா, அண்ணா? ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், போதும். நம்பிவிடுகிறேன்.

கயோ

சிரனே கோட்டை
ஆறாம் மாதம், இரண்டாம் நாள்

கயோ,

எதிரி வீட்டுக் கிழவி பேச்சைக் கேட்டு அண்ணனையே விசாரிக்கிறாயா? ஆற்றில் வெள்ளம் ஓடினால் என்ன, மணல் கிடந்தால் என்ன? அப்பா தன் இளைய தாரத்து மகனுக்குக் கோட்டையைக் கொடுக்க இருந்தார். இப்போது மடத்தில் மணியடித்துக்கொண்டிருக்கிறானே, அவனுக்கு! கொடுத்திருந்தால் நம் கொடி இன்று பறந்துகொண்டிருக்குமா? போனது போகட்டும். கொன்றது அவர்கள்தானே?

நாளைச் சொல். கதவைத் திற.

நாகயோரி

தொகிசாவா மலைக்கோட்டை
ஆறாம் மாதம், பதினைந்தாம் நாள்

அண்ணாவுக்கு,

நான் கேட்டது தப்புதான். மன்னியுங்கள்.

அடுத்த மாதம் பதின்மூன்றாம் நாள், முன்னோரை வீட்டுக்கு அழைக்க வாசல்தோறும் தீ மூட்டுவோம். அன்று பொழுது சாயும்போது வாருங்கள். எல்லோரும் முன்வாசலில் இருப்பார்கள். துவைக்கும் கதவு திறந்திருக்கும். நீங்களே முன்னால் நின்று படையைக் கூட்டி வாருங்கள், அண்ணா. அன்று அப்பாவும் வருவார்.

கயோ

தொகிசாவா மலைக்கோட்டை
ஏழாம் மாதம், பதினான்காம் நாள்

அண்ணாவுக்கு,

இந்தக் கடிதம் பெட்டியில் உங்களோடுதான் ஊருக்கு வருகிறது. நீங்கள் படிக்கப்போவதில்லை. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கணவரிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். கதவுக்கு உள்ளே வில்லாளிகளை நிறுத்தச் சொன்னதும் நான்தான். உங்கள் தலையைக் கொண்டுவந்தபோது மாமியார், "நான் பாத்துக்கறேன், நீ உள்ள போம்மா" என்றார். நான் கொடுக்கவில்லை. இந்த ஆண்டு சுனையில் தண்ணீருக்குக் குறைவே இல்லை. நன்றாகக் கழுவினேன். சீவி முடிந்து, பல்லுக்கு மை பூசினேன். சின்ன வயதில் நான் தள்ளிவிட்டு உடைந்த பல்லுக்கும்தான். அழவில்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் மறுபடி ஒரு வாய்ப்பு வந்தாலும் இதையேதான் செய்வேன். அப்பாவுக்காக ஒரு முறை, என் பிள்ளைக்காக ஒரு முறை.

முடியை முகர்ந்து பார்த்தேன். உங்களுக்கும் தூப வாசனை இல்லை. அப்பா உங்களை நம்பிய மாதிரியே நீங்கள் என்னை நம்பிவிட்டீர்கள்.

ஆனால் நான் உங்களைப் போல இல்லை, அண்ணா. திறக்கிறேன் என்று சொன்ன கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன்.

அப்பாவின் மகள்
கயோ