பின் சீற்றும் மடங்காத முழங்காலும்

04.09.2025 வியாழன்

இவருக்கு முல்லைத்தீவுக்கு இடமாற்றம். அடுத்த மாதம் முதலாம் திகதி போய் நிற்க வேண்டுமாம். முகம் தொங்கும் என்று பார்த்தால், "தர்மி, அவ்வளவு தூரத்துக்குப் பழைய மோட்டச்சைக்கிள் தாங்காது. பெருசா ஒண்டு பார்ப்பம்" என்கிறார். கண்ணில் அப்படியொரு வெளிச்சம். எங்கள் கலியாணத்தன்றுகூட அதை நான் காணவில்லை.

அப்ப என்னை ஆர் ஏத்திக்கொண்டு போறது? என் வேலை விவசாயப் போதனாசிரியர், கிளிநொச்சியில் அக்கராயன் பக்கம் வயல் வயலாகப் போய்ப் பார்க்க வேண்டும். இடது முழங்கால் பாதிக்கு மேல் மடங்காது. இவ்வளவு காலமும் ஏற்றி இறக்கியவர் இவர்தான்.

மேலதிகாரியிடம் சொன்னேன். "வாகனம் இல்லாமல் வெளிக்களம் சரிவராது தங்கச்சி. ஒக்ரோபரில இருந்து கந்தோரில மேசை வேலையைப் பாருங்கோ. நிழலில இருக்கலாம்." என்ன ஒரு கருணை. நான் நிழல் கேட்டேனா?

07.09.2025 ஞாயிறு

வவுனியா. பாவித்த பெரிய மோட்டார் சைக்கிள்கள் விற்கும் நவ்பரின் கடை. "பின்னுக்கு இருக்கப்போறது நீர்தானே, வந்து இருந்து பாரும்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். முதலாம் திகதிக்குப் பிறகு பின்னுக்கு இருக்கப்போவது அவருடைய சாப்பாட்டுப் பை. அதைக் கொண்டுபோயிருக்கலாம்.

முதலாவது, கறுப்பு 650 சிசி. நல்லது: இழுவை. கையைத் திருக முதலே அடுத்த ஊர் ஓமந்தை வந்துவிடும் போலிருந்தது. சத்தமும் கம்பீரம்தான், இவருக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் கூடிவிட்டது. கெட்டது: நின்றால் எஞ்சின் சூட்டில் கெண்டைக்கால் வேகும். திருப்ப ஒரு வயல் வேண்டும். பின்னுக்குத் தள்ள இரண்டு ஆம்பிளை வேண்டும், இவர் ஒன்றுதான்.

நான் இறங்குவதைப் பார்த்து நவ்பர் குரலைத் தாழ்த்தினார். "அக்காவுக்குக் கால்... முள்ளிவாய்க்காலிலயோ?"

நான் வாயைத் திறக்க முதல் இவர் ஒரு பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான். ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. நவ்பரின் முகம் கறுத்துப்போனது. "நீங்கள் எவ்வளவு நேரமெண்டாலும் ஓடிப் பாருங்கோ அண்ணை" என்றார். இவர் மறுபடியும் ஓமந்தைக்குப் போய்வந்தார்! என் முழங்கால் இவருக்கு இரண்டாவது ஓட்டம் எடுத்துக் கொடுத்தது.

முள்ளிவாய்க்காலில் இருந்து நான் ஒரு கீறல் இல்லாமல் வந்தவள். முழங்காலை முடித்தது 2019இல் அக்கராயன் குளக்கட்டில் குறுக்கே வந்த ஒரு எருமை. அப்போது மோட்டார் சைக்கிளை ஓடிக்கொண்டு போனதும் நான்தான். எருமைக்காக யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை.

09.09.2025

இரவுச் சாப்பாடு: புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, 650.

14.09.2025 ஞாயிறு

இரண்டாவது, நீல நிறம், 220. பாரம் குறைவு, எண்ணெய் குடிப்பதும் குறைவு. ஹாண்டில் இரண்டு பக்கமும் மேலே வளைந்து நிற்பதால் இவர் கை தூக்கிச் சரணடைந்தவர் மாதிரி இருந்தார். கிரவல் றோட்டில் இறங்கியதும் அடிப்பாகம் ஒவ்வொரு மேட்டிலும் தட்டியது.

பின் சீற் உள்ளங்கை அகலம். சீலையோடு ஒருபக்கமாக இருக்கிற மனுசிமாரைப் பற்றி இதைக் கட்டியவன் கேள்விப்பட்டதே இல்லை. என் கால் வேறு றெயில்வே கடவைக் கட்டை போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. எதிரே வந்த ஓட்டோக்காரன் ஒதுங்கி வழிவிட்டான்.

17.09.2025

சொல்லிவிட்டேன். "இஞ்சேருங்கோ, நான் திரும்ப மோட்டச்சைக்கிள் ஓடப்போறன்."

"விசர்க்கதை கதையாதையும்."

"ஏன், லைசன்ஸ் இருக்குத்தானே?"

"கால் இருக்கோ?"

கேட்டுவிட்டுத் தானே பயந்துபோனார். பிறகு மெதுவாக, "உம்மை ஆஸ்பத்திரியில வைச்சிருந்த நாளுகள் உமக்குத் தெரியாது. நீர் மயக்கத்தில. எனக்குத்தான் தெரியும்" என்றார்.

ஆனா மேசையில இருந்தா நான் செத்துப்போவன். அது இவருக்கு ஏன் விளங்குதில்லை? சாதாரண மோட்டார் சைக்கிளில் கியருக்குக் கால் மடியாது, உண்மை. கந்தோரில் கூட வேலை செய்கிற விமலேஸ்வரியின் ஸ்கூட்டியை ஓடிப் பார்த்தபோது நீட்டின கால் வேலிக் கதியாலில் அடிபட்டது, அதுவும் உண்மை. ரெண்டும் உண்மையெண்டா நான் என்ன செய்ய?

21.09.2025 ஞாயிறு

மூன்றாவது. சிவப்பு 350.

நவ்பர் எனக்கென்று கதிரை போட்டு, இஞ்சித் தேத்தண்ணி தந்து, "பாவம் அக்கா, எவ்வளவைப் பாத்திருப்பீங்கள்" என்றார். இவர் அடுத்த பெருமூச்சுக்கு ஆயத்தமானார். எனக்கு விசர் வந்துவிட்டது.

"தம்பி, இது எருமை."

"என்னக்கா?"

"அக்கராயன் எருமை. நான் மோட்டச்சைக்கிள் ஓடிக்கொண்டு போகேக்க குறுக்க வந்தது. செல்லடியும் இல்லை, ஒண்டும் இல்லை."

இவர் நிலத்தைப் பார்த்தார். நவ்பர் முதலில் திகைத்து, பிறகு கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். "அப்ப நீங்கள் ஓடுறனீங்களோ? அண்ணை சொல்லவேயில்லையே! அப்ப பின்னுக்கு என்னத்துக்கு? முன்னுக்கு ஏறிப் பாருங்கோ."

ஏறினேன். சீற் அவ்வளவு தாழ்வு, இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாக ஊன்றியது. கால் வைக்கிற இடம் நன்றாக முன்னுக்கு. இடது காலை நீட்டினேன், சாய்மனைக் கதிரையில் நீட்டுவதுபோல் போய் இருந்தது. கியர் நெம்பில் குதிப் பக்கமும் ஒரு தட்டு. குதியால் அமத்தினால் ஏறும், விரலால் அமத்தினால் இறங்கும். முழங்காலுக்கு அங்கே வேலையே இல்லை.

முற்றத்தைச் சுற்றினேன். பிறகு வாசலைத் தாண்டி றோட்டுக்கு. பின்னால் "தர்மி! தர்மி!" என்று செருப்புச் சத்தம். நான் நிற்கவில்லை.

குறைகள்: பாரம். புறப்பட யோசிக்கும். பின் ஸ்பிரிங் கல் மாதிரி, குழி விழுந்தால் இடுப்பு நாரிக்குத் தெரியும். வளைவில் பிடிவாதம், இந்த வீட்டில் அதுக்குத் துணை இருக்கிறது. ஆனால் என் கால் நீளுது. ஆறு வருசத்துக்குப் பிறகு முகத்தில் காத்து நேராக அடிச்சது. சந்தோசமாக இருந்தேன். வேறு எப்படி எழுத?

22.09.2025

இவர் என்னோடு கதை இல்லை.

25.09.2025

சோற்றைப் பிசைந்தபடி சுவரிடம் கேட்டார்: "பிறேக் எப்பிடி?"

"நல்லா பிடிக்குது." நானும் சுவருக்குத்தான் சொன்னேன்.

28.09.2025 ஞாயிறு

வாங்கியாச்சு. சிவப்பு. தன் பெயரில். முல்லைத்தீவு றோட்டுக்கு இதுதான் தோதாம், 650 சுடுமாம். நான் கண்டுபிடிச்ச மோட்டச்சைக்கிள், ஓடப்போறது அவர். நல்ல நீதி. பின்னேரம் முழுக்க அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

29.09.2025

கந்தோரில் என் மேசையைக் காட்டினார்கள். ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர். கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

01.10.2025 புதன்

விடிய எழுப்பினார். "வெளிக்கிடும். என்னை பஸ் ஸ்ராண்டில விட்டிட்டு நீர் அப்பிடியே வேலைக்குப் போம்."

விளங்கவில்லை. வாசலில் சிவப்பு நின்றது. இவர் பையை மடியில் வைத்துக்கொண்டு பின் சீற்றில் ஏறி இருந்தார். வழி முழுக்க என் தோளை நெரித்துப் பிடித்திருந்தார். மெதுவாகப் போம் என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

கிளிநொச்சி பஸ் ஸ்ராண்டில் பாதிச் சனம் எங்களைத்தான் பார்த்தது. இவரோடு வேலை செய்த சின்னராசா அண்ணை பஸ்ஸுக்குள் இருந்து தலையை நீட்டினார். "என்ன ரஜிதன், புது மோட்டச்சைக்கிளை மனுசியிட்டக் குடுத்திட்டு நீ பஸ்ஸிலயோ?"

இவர் இறங்கி, ஹெல்மெற்றைக் கழற்றி என்னிடம் தந்தார். சின்னராசா அண்ணைக்கு மட்டுமில்லை, முழுப் பஸ்ஸுக்கும் கேட்கச் சொன்னார்.

"அது அவாவின்ர."