இரண்டு பேருக்கான கண்ணாடி

அன்புத் தனத்துக்கு,

நம் பழைய குரூசர் மோட்டார் சைக்கிளுக்கு முன்கண்ணாடி வாங்கிவிட்டேன். வேண்டும்போது மாட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம். காற்றில் காது அடைக்கிறது என்று நீ எத்தனை வருடம் புலம்பினாய்! நீ போய் ஏழு மாதம் கழித்துத்தான் எனக்குப் புத்தி வந்திருக்கிறது. சிரிக்காதே.

நாகல் நகர்க் கடையில் குட்டையாக ஒன்று, உயரமாக ஒன்று எடுத்துக் காட்டினார்கள். "ஒத்த ஆளுன்னா சின்னது போதும்ணே. பெருசு பின்னால இருக்கவங்களுக்கும் சேத்துக் காத்தைத் தடுக்கும். பின்னால யாரு வாராங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

"வீட்ல" என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்ததுதான். திருத்திச் சொல்ல மனம் வரவில்லை.

வண்டி பழசு என்பதால் அதற்குத் தோதான கிளாம்பைத் தேடி எடுத்து, என்னை உட்காரவைத்து, கண்ணாடியின் மேல்விளிம்பு என் மூக்குக்கு நேராக வரும்படி மாட்டினார். "இனிமே மதினி பேசுறது நல்லாக் கேக்கும்ணே" என்றார்.

நீ வண்டியில் பேசியது என்றைக்கு என் காதில் விழுந்தது? எல்லாவற்றுக்கும் "ம்" போட்டே காலத்தை ஓட்டிவிட்டேன். கடைசியாக, சாணார்பட்டியில் உன் தம்பி வீட்டு விசேஷம் முடிந்து திரும்பும்போதும் நீ ஏதோ கேட்டாய். "ம்" என்றேன். வீட்டு வாசலில் இறங்கி, "பேச்சு மாறக் கூடாது மாமா" என்றாய். என்னவென்று கேட்க வெட்கப்பட்டு, "மாறுவேனா?" என்றேன். மறு வாரம் நீ இல்லை. அந்த ஒரு "ம்" இத்தனை மாதமாக என்னைத் தின்கிறது.

நேற்று நம் மகளிடம் போனில் கண்ணாடி வாங்கியதைச் சொன்னேன்.

"ஏம்ப்பா இப்பப் போயி? வண்டிய வித்துட்டு ஸ்கூட்டர் வாங்க நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னு மாமா வீட்டு விசேஷத்துக்குப் போயிட்டு வந்த அன்னிக்கு அம்மா அம்புட்டு சந்தோசமாச் சொன்னாங்களே. இந்த உயரத்துக்கு ஏறி உக்கார முழங்கால் விடலைன்னு..."

முழங்கால் வலியா? என்னிடம் சொன்னாயா, தனம்? சொல்லியிருப்பாய். எத்தனை முறை சொன்னாய்?

சொன்னது சொன்னதுதான். வண்டியைக் கொடுத்துவிட்டு, ஏறி இறங்க வாகாக ஒரு ஸ்கூட்டர் வாங்குகிறேன். யார் ஏற என்று மட்டும் கேட்காதே. அதற்கு முன் ஒரே ஒருமுறை இந்தக் கண்ணாடியோடு சாணார்பட்டி வரை போய்வருகிறேன். வழியில் நீ ஏதாவது சொன்னால், சத்தியமாக "ம்" போட மாட்டேன்.

உன் அத்தை மகன்,
பெருமாள்