கீழ் இழுவை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசலாம்தான். என் போன் வந்தால் உங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்று தங்கச்சி சொன்னாள். அதனால்தான் கடிதம். என் கோழிக் கிறுக்கல் உங்களுக்குப் பழக்கமானதுதான், பொறுமையாகப் படியுங்கள்.

தங்கச்சி தையல் கம்பெனிக்குப் போய்வருகிறாள். பாப்பா சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். விழுந்து எழுந்தாலும் அழுவதில்லை, உங்களைப் போல அழுத்தம்.

முக்கியமான சேதிக்கு வருகிறேன். நீங்கள் ஓட்டிய மலை லாரி இப்போது ஆளே மாறிவிட்டது. உங்களுக்குப் பிறகு வந்த டிரைவரை நெட்டை என்று கூப்பிடுகிறோம். அவனும் வந்த நாளிலிருந்து, மேட்டில் மெதுவாக ஏறும்போது வேண்டிய கீழ் இழுவை போதவில்லை என்று புலம்பிக்கொண்டே இருந்தான். முதலாளி என்னைக் கூப்பிட்டு, வேகம் வேண்டாம், நடக்கிற வேகத்தில் சுமையோடு மலைமேல் இருக்கும் வேலை முகாம் வரை ஏறினால் போதும், என்ன வழியோ பார் என்றார். நான் விடுவேனா? காற்று இழுக்கும் குழாயை நீளமாக்கினேன். அகலமான புகைக்குழாயைக் கழற்றிவிட்டு ஒடுக்கமானதைப் போட்டேன். உள்ளேயும் சில வேலைகள் பார்த்தேன். இப்போது முப்பது மூட்டை சிமெண்டோடு மூன்றாவது வளைவில் நிறுத்தி எடுத்தாலும், ஆக்சிலேட்டரைச் சும்மா தொட்டால் போதும், அசைந்து கிளம்பிவிடுகிறது.

வேறு இரண்டு இடத்திலிருந்து ஆட்கள் லாரியோடு வந்து, எங்களுக்கும் இதே மாதிரி செய்துகொடுங்கள் என்று வாசலில் நிற்கிறார்கள். எனக்கு இழுவை டாக்டர் என்று பட்டம் வேறு. சிரிக்காதீர்கள்.

முதலாளி இப்போது நல்ல மனநிலையில் இருக்கிறார். நடந்தது நடந்துவிட்டது. நீங்கள் வந்து ஒரு வார்த்தை தணிந்து பேசினால் மன்னித்துவிடுவார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். யோசித்து எழுதுங்கள்.

உங்கள் நலம் நாடும்,
மைத்துனர்


மாப்பிள்ளைக்கு,

உங்கள் பதில் வந்து ஒன்பது நாள் ஆகிறது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறேன். கிரீஸ் பட்டு ஒரு ஓரம் கறுத்துவிட்டது.

நீங்கள் என்னை நாலு வார்த்தை திட்டி எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன். பாராட்டியிருக்கிறீர்கள். குழாய் எத்தனை அடி வைத்தீர்கள் என்று ஆசையாகக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே எழுதியிருக்கிறீர்களே, அந்த மூன்று வரிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. “நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதான் மச்சான், என் கால்தான் சரியில்ல. இங்க சூப்பர்வைசர் லாரி சாவிய நீட்டினாரு, வேணாம்னுட்டேன். மூட்டை தூக்குறதோட நிறுத்திக்கிறேன்.”

சுற்றி வளைத்தால் இந்தக் கடிதமும் போன கடிதம் மாதிரி ஆகிவிடும். நேராகவே சொல்கிறேன். உங்கள் காலில் ஒரு குறையும் இல்லை. குறை என் வேலையில்.

நான் எழுதிய குழாய் வேலையெல்லாம் செய்தது உண்மைதான். அதனால் கிடைத்த இழுவை கொஞ்சமோ கொஞ்சம். நெட்டை மறுபடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். சரி, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையே மெதுவான ஓட்டத்துக்கு ஏற்றதாக மாற்றிவிடலாம் என்று என்ஜினின் முன்மூடியைக் கழற்றினேன். உள்ளே டைமிங் செயின் இருக்கும். அது சுற்றும் இரண்டு பல்சக்கரத்திலும் ஒவ்வொரு புள்ளி வைத்திருப்போம். இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளி நின்றது.

வெள்ளைப் பெயிண்ட் புள்ளி. என் தூரிகை, என் பெயிண்ட். அந்த என்ஜினை என்னைத் தவிர இன்னொருத்தன் திறந்ததே கிடையாது.

ஒரு பல் பின்தங்கினால் வால்வு எல்லாம் தாமதமாகத் திறந்து தாமதமாக மூடும். சமதரையில் விரட்டினால் ஒன்றும் தெரியாது. சுமையோடு மெதுவாக மேடு ஏறும்போதுதான் என்ஜினுக்கு மூச்சு அடைக்கும். நான் என்ஜின் வேலை முடித்துக் கொடுத்த முதல் நாளே நீங்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, வேகத்துல நல்லா ஓடுது மச்சான், மெதுவா போனா சத்தே இல்ல என்றீர்கள். அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. நான் என்ன செய்தேன்? பட்டறையில் இருந்தவர்கள் எல்லோர் முன்னாலும், சத்து இல்லாதது வண்டிக்கா உங்களுக்கா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள், மரியாதைக்கு.

செயினை மாட்டினால், மூடுவதற்கு முன்னால் என்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, புள்ளிகள் மறுபடி நேருக்கு வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. வேறு யாராவது அதை விட்டால் பட்டறைக் கூரை பறக்கிற மாதிரி கத்துவேன். அன்றைக்கு என்னைச் சுற்றி நாலு பேர் நின்று கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் செயின் மாட்டுவேன் என்று சவடால் அடித்துக்கொண்டே மூடியைப் போட்டு முடுக்கிவிட்டேன். இதுதான் மாப்பிள்ளை நடந்தது. இதற்குமேல் இதில் ஒன்றும் இல்லை.

பிறகு மூன்றாவது வளைவு. வண்டி திணறியிருக்கும். அணையாமல் இருக்க நீங்கள் கிளட்சைப் பாதி அழுத்தியே பிடித்திருப்பீர்கள். வேறு வழி இருந்திருக்காது. கிளட்ச் தீய்ந்து, வண்டி பின்னால் உருண்டு மண்மேட்டில் மோதி, பின்னால் உட்கார்ந்திருந்த முகாம் சமையற்காரருக்குக் கால் உடைந்தது. மறுநாள் நான் கரிந்த கிளட்ச் பிளேட்டைக் கையில் தூக்கி முதலாளிக்குக் காட்டி, “என்ஜின்ல ஒரு குறையும் இல்ல. டிரைவர் காலத்தான் பார்க்கணும்” என்றேன். தங்கச்சி உங்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றிருந்தாள். நீங்கள் அவளைப் பார்த்தீர்கள், பிறகு தரையைப் பார்த்தீர்கள். முதலாளி லாரி சாவியை வாங்கிக்கொண்டபோதும் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. பெண்டாட்டியின் அண்ணன் பொய் சொல்வானா என்று நினைத்தீர்களோ என்னவோ.

அன்றைக்கு நான் சொன்னது தெரிந்து சொன்ன பொய் இல்லை. அப்போது எனக்கே தெரியாது. ஆனால் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லை. ஏனென்றால் புள்ளியைப் பார்த்த அன்றைக்கே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. செயினைச் சரியாக மாட்டினேன். பழைய புள்ளியைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தேன். பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை, ஆனாலும் துடைத்தேன். மூடியைப் போட்டேன். வண்டி மேடு ஏறியது. எல்லோரும் கை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். முதலாளி உங்களை மன்னிப்பார் என்று. எழுதிய கை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அதைப் பார்க்கவே கூசுகிறது.

பாப்பா சைக்கிள் ஓட்டுகிறாள் என்று எழுதினேன் அல்லவா, மீதியை எழுதவில்லை. பட்டறைக்கு மேல்பக்கம் தெரு கொஞ்சம் ஏற்றமாக இருக்கும். அங்கே வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறாள். ஏறு கண்ணு, நான் பிடிச்சுக்கிறேன் என்றேன். “வேணாம் மாமா, அப்பா மாதிரி பின்னால போயிடுவேன்” என்றாள். எட்டு வயசுப் பிள்ளை அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டது.

இன்று காலையில் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். நெட்டையும் கணக்கரும் இருந்தார்கள், அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கவில்லை. முதலாளி கத்துவார் என்று நினைத்தேன். அந்த மனுஷன் ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசலையே என்று மட்டும் உங்களைப் பற்றிச் சொன்னார். பிறகு என்னைப் பார்க்கவில்லை. அங்கிருந்து சமையற்காரர் வீட்டுக்குப் போனேன். ஊன்றுகோலோடு நடக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உங்கள் மாப்பிள்ளை மாதம் தவறாமல் போன் செய்து என் காலை விசாரிக்கிறாரே, அவரிடம் முதலில் சொன்னீர்களா என்று கேட்டார். நீங்கள் விசாரிப்பது எனக்குத் தெரியாது. நான் அவர் வீட்டு வாசலை மிதித்தது இதுதான் முதல் தடவை.

தங்கச்சிக்கு இன்னும் தெரியாது. வாயால் சொல்ல இரண்டு முறை அவளெதிரே போய் உட்கார்ந்தேன், இரண்டு முறையும் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதனால் இந்த உறையை ஒட்டாமல் அவளிடம் கொடுக்கப்போகிறேன். படித்துவிட்டு ஒட்டித் தபாலில் போடு என்று சொல்வேன். இது உங்கள் கைக்கு வந்திருந்தால், அவள் படித்துவிட்டாள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணன் என்று கூப்பிடுவாளா என்பது அவள் இஷ்டம்.

உங்களுக்கும் எனக்கும் பன்னிரண்டு வருஷ உறவு. உங்களுக்கு ஆசி சொல்லும் வயசு எனக்கு உண்டு, முகம் இல்லை. திரும்பி வாருங்கள் என்று கேட்கவும் வாய் வரவில்லை. வருவதும் வராததும் நீங்களும் தங்கச்சியும் பேசி முடிவு செய்ய வேண்டியது, முதலாளி வண்டியை உங்களுக்கென்று நிறுத்தி வைத்தாலும் சரி. என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்றாலும் அது நியாயம்தான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கே அந்த சூப்பர்வைசர் மறுபடி சாவியை நீட்டினால், வேண்டாம் என்று சொல்லாதீர்கள் மாப்பிள்ளை. வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள்
மைத்துனன்