அறுபத்திரண்டு ராத்தல் ஈயம்

பாளையங்கோட்டை, முருகன்குறிச்சி.
பரிதாபி வருஷம், பங்குனி மாதம் 9-ந் தேதி, 1913.

கொழும்பு மருதானை மோட்டார் ஷெட்டில் இருக்கும் அன்புள்ள தளவாய் அண்ணன் அவர்களுக்கும் மதினிக்கும் தங்கை இசக்கியம்மா வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம் என்கிற அளவுக்குச் சுகம். அங்கே உங்கள் சுகம் இதைவிட மேலாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் மாசிக் கடைசியில் வந்தது. இந்த வருஷமும் பந்தயக் கோப்பை மச்சானுக்குத்தானே என்று கேட்டிருந்தீர்கள். அதை நான் அவரிடம் காட்டவில்லை. யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே எழுதிவிடுவது மேல். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி அப்பாவோடு மல்லுக்கு நின்றீர்களே, அந்தப் படிப்பு இதற்குத்தான் உதவுகிறது.

போன வருஷம் அவர் ஜெயித்தபோது சந்தோஷத்தில் நாலு வரிதான் எழுதினேன். விவரம் எழுதவில்லை. பந்தயம் திருச்செந்தூர் ரோட்டில், கிருஷ்ணாபுரம் வரை போய்த் திரும்புவது. ஐந்து மோட்டார் சைக்கிள். மூன்றில் துரைமார், ஒன்றில் ஒரு ஜமீன் வீட்டுப் பிள்ளை, ஐந்தாவது நம்முடைய முதலாளி பாபநாசம் பிள்ளையின் வண்டி. அவருக்கு வண்டி வாங்கத் தெரியும், ஓட்டப் பயம். அதனால் வண்டியைத் துடைத்து மாட்டுகிற உங்கள் மச்சானையே ஏற்றிவிட்டார்.

அந்த வண்டி நின்ற இடத்தில் கிளம்பாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கொடி விழுந்ததும் பக்கத்தில் நின்று தள்ளிக்கொண்டே ஓடி, எஞ்சின் பிடித்தவுடன் தாவி ஏற வேண்டும். மற்றவர்களெல்லாம் ஆறடி ஆட்கள். பத்து எட்டு வைத்துக் காலைத் தூக்கிப் போட்டுப் போய்விட்டார்கள். இவர் தள்ளி ஏறுவதற்குள் அவர்கள் கிளப்பிய புழுதியே அடங்கிவிட்டது. ஆனால் திரும்பி வரும்போது மேட்டில் அவர்கள் வண்டிகள் முக்கின. இவர் வண்டி முக்கவில்லை. ஒவ்வொருவராகத் தாண்டி முதலில் வந்தார். கோப்பை முதலாளி வீட்டுக் கண்ணாடி அலமாரிக்குப் போனது. இவருக்கு ஒரு வேட்டியும் தலைப்பாகையும் கிடைத்தன. அதற்கே அவர் ஒரு வாரம் தூங்கவில்லை.

இரண்டாவதாக வந்தவர் காப்பித் தோட்டத்துத் துரை. இந்தப் பொடி ஆளை ஏற்றினால் வண்டி பறக்கத்தானே செய்யும், இது என்ன போட்டி என்று அவர் துரைமார் கிளப்பில் கேட்டாராம். இந்த வருஷம் மார்கழியில் கூட்டம் போட்டார்கள். ஓட்டுகிற ஆளின் எடை நூற்று அறுபது ராத்தலுக்குக் குறைந்தால், குறைகிற எடைக்கு ஈயம் கட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். முதலாளியும் அங்கே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்தார். வந்தவர் வாசலில் நின்று, "ஏலே அப்பாத்துரை, துரைமார் ஒனக்குன்னே ஒரு சட்டம் போட்டிருக்காக. எவனுக்குலே கிடைக்கும் இந்த மரியாதை?" என்றார்.

பஞ்சுப் பொதி நிறுக்கிற தராசில் பத்துப் பேர் பார்க்க இவரை ஏற்றி நிறுத்தார்கள். நூறு ராத்தலுக்கு இரண்டு குறைவு. ஆக, அறுபத்திரண்டு ராத்தல் ஈயம்.

அண்ணா, அவர் அந்தச் சட்டத்தைக் குறை சொல்லவில்லை. முதலாளியிடம் அவர் பேசியதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "எடையைச் சரிபண்ணுதது நியாயந்தான் முதலாளி. அப்பம் புறப்படுததையும் சரிபண்ணச் சொல்லுங்க. எல்லாரும் ஓட்டிக்கிட்டே பைய வந்து ஒண்ணுபோல கோட்டைத் தாண்டட்டும். இல்லன்னா ஆளுக்கொருத்தர் பின்னால நின்னு தள்ளிவிடட்டும். துரைக்கு ஒடம்புல இருக்க எடை, வண்டியைத் தள்ளும்போது அவர் கூட நின்னு தள்ளுது. எனக்கு அதே எடை வண்டி மேல ஏறி ஒக்காந்துக்கிட்டுல்லா இருக்கு" என்றார்.

முதலாளி கிளப்பில் இதைச் சொன்னாரா, சொல்லாமலே வந்தாரா, எனக்குத் தெரியாது. தன் வண்டியைத் தானே தள்ள முடியாதவன் பந்தயத்துக்கு வர வேண்டாம் என்பது பதிலாக வந்தது. ஈயத்தைத் தாழக் கட்டவாவது விடுங்கள் என்று கேட்டதற்கும் சம்மதிக்கவில்லை. எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கைக்குப் பின்னால், சாமான் வைக்கிற தட்டின் மேல்தான் வைக்க வேண்டுமாம்.

வலைக்காரர்களிடம் ஈயக்குண்டு வாங்கி வந்தார். சாக்கை இரட்டையாக மடித்து இரண்டு பை தைத்துக் கொடுத்தது நான்தான். விடியற்காலையில் அவர் தள்ளிப் பழகும்போது நானும் ரோட்டுக்குப் போவேன். அவர் ஓட ஓட நான் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். ஈயம் இல்லாமல் பதினான்குக்குள் ஏறிவிடுவார். ஈயத்தோடு முப்பது ஆகும். பத்து நாளில் முப்பதை இருபத்தைந்தாக்கினார். விட்டுவிடுங்கள் என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை அண்ணா. இருபத்தைந்து என்று எண்ணியபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

தையில் பந்தயத்தன்று பெண்களோடு புளியமரத்தடியில் நின்றேன். கொடி விழுந்தது. நாலு வண்டியும் போய்விட்டன. இவர் மட்டும் தள்ளிக்கொண்டு ஓடினார். இருபத்தாறு எண்ணும்போது எஞ்சின் பிடித்தது. வண்டி வெட்டிப் பாய்ந்தது. இவர் தாவினார். பின்னால் குவிந்திருந்த பையில் கால் இடித்து ஏற முடியவில்லை. கைப்பிடியையும் விடவில்லை. வண்டி அவரை இழுத்துக்கொண்டே போனது.

அப்போது கூட்டம் சிரித்தது. ஒரு சின்ன ஆளை வண்டி இழுத்துப் போவது பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். என் பக்கத்தில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். வண்டி சாய்ந்து, பின்சக்கரத்தைச் சுழற்றுகிற தோல்வாரில் வலதுகால் சிக்கி, அவர் கத்திய பிறகுதான் சிரிப்பு நின்றது. முதலாளி ஓடிவந்தார். வந்து, "வண்டிக்கு என்ன ஆச்சுன்னு பாருங்கவே" என்றார். என் காதால் கேட்டேன்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. இரண்டு கால்விரலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு நாள். நன்றாகத்தான் பார்த்தார்கள், குறை சொல்லக்கூடாது. ஒரு வருஷத்துக்கு அந்தக் காலில் பாரம் கொடுக்கக் கூடாது, மறுபடி முறிந்தால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். கொக்கிரகுளத்துப் படித்துறைக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. வீட்டிலேயே செம்பில் மொண்டு குளிக்கிறார்.

இதோடு முடிந்திருந்தால் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். அதே பந்தயத்தில் தள்ளி ஓடியதில் காப்பித் தோட்டத்துத் துரைக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதாம். கிளப்பில் மறுபடியும் கூடிப் பேசி, அடுத்த தையிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் நின்று தள்ளிவிட ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றிவிட்டார்கள். இவர் கேட்டபோது இல்லாத நியாயம் துரையின் இடுப்புக்கு வந்துவிட்டது. முதலாளி மதுரையிலிருந்து புது ஆள் கொண்டுவந்திருக்கிறார். நல்ல வாட்டசாட்டமான ஆள். அவனுக்கு ஈயம் தேவையில்லை.

போன வெள்ளிக்கிழமை முதலாளியே வீட்டுக்கு வந்தார். "நீ கேட்டதைத்தாம்லே வாங்கிக் குடுத்திருக்கேன். இனி தள்ளுததுக்கு ஆள் உண்டு. அந்த வண்டியோட கொணம் ஒனக்குத்தான் தெரியும், நீயே வந்து தள்ளு" என்றார். சம்பளம் பழையபடி உண்டு என்றும் சொன்னார்.

இவர் சரி முதலாளி என்றுவிட்டார்.

முதலாளி போன பிறகு நான் இவரோடு சண்டை போட்டேன். எந்தக் காலால் தள்ளப் போகிறீர்கள் என்று கேட்டேன். "வண்டி பக்கத்துலயாவது நிப்பேன்லா" என்றார். மூன்று நாளாகப் போய் வருகிறார். மதுரைக்காரன் ஏறி உட்காருகிறான், இவர் கம்பைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளுகிறார். சாயங்காலம் கால் வீங்கிப் போய் வருகிறது. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார்.

அண்ணா, உங்கள் ஷெட்டில் பழுதுபார்க்க ஆள் வேண்டியிருக்கிறது என்று அவர் பேருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உட்கார்ந்து செய்கிற வேலை என்று எழுதுங்கள். கால் விஷயம் உங்களுக்குத் தெரிந்ததாகவே காட்ட வேண்டாம். தெரிந்தால் இரக்கப்பட்டுக் கூப்பிடுகிறீர்கள் என்று வரமாட்டார். அவர் இல்லாமல் நான் கடைகண்ணிக்குப் போய்வந்து இருந்துகொள்வேன், என்னை நினைத்துத் தயங்க வேண்டாம். சித்திரை பிறப்பதற்குள் கடிதம் வந்துவிட வேண்டும்.

மேலப்பாளையம் பாவா அண்ணாச்சி நேற்றுத்தான் கொழும்பிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். உங்கள் பிள்ளை தளர்நடை போடுகிறானாம். இவர் ஒரு மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "பய ஒசரமா வருவானா அண்ணாச்சி?"

தாய் இசக்கியம்மன் அவனுக்கு நீண்ட ஆயுளையும், நல்ல உயரத்தையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
இசக்கியம்மா